வான்கூவர் நாற்பதே நிமிடம்

மத்திய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு விளம்பரப் பலகை இருக்கிறது. ‘திருச்சி – வான்கூவர்: நாற்பதே நிமிடம்!’ என்று ஆளுயர எழுத்து. பக்கத்தில் ஒரு பெண் கடைவாய்ப்பல் வரை தெரியச் சிரிக்கிறாள். இரண்டு ஊருக்கும் நடுவே பதிமூவாயிரம் கிலோமீட்டர் சொச்சம். கடல், மலை, பனி எல்லாம் உண்டு. அதையெல்லாம் தாண்ட நாற்பது நிமிஷம் போதும் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

எங்கள் எதிர் ஃப்ளாட் பூங்கோதை ஒருநாள் அந்தப் பலகைக்கு அடியில் நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, காறித் துப்பினாள். பஸ் ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மறுநாள் லிஃப்டில், "என்ன லோகாக்கா, நேத்து மார்க்கெட் பக்கமா?" என்றாள்.

"ஆமா. நீ?"

"சும்மா. ஒரு சின்ன வேலை."

துப்புவதும் வேலைதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். இருபத்தைந்து வருஷமாக எதிர்வீடு, ஒருநாள்கூட என்னை உட்காரச் சொல்லி ஒரு வாய் காபி கொடுத்ததில்லை. அவள் வீட்டில் நடந்ததை எல்லாம் நானாக முயற்சி எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவள் துப்பியதற்குக் காரணம் உண்டு. அந்த விமானத்தில்தான் அவள் புருஷன் வைத்தியலிங்கம் கேபின் சூப்பர்வைசர். இருநூறு பேருக்கு ஜூஸ் கொடுக்க வேண்டும், காலி டம்ளரைத் திரும்ப வாங்க வேண்டும், பெல்ட் போடச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் ஆள் நடந்து வருவதைப் பார்த்தால் விமானத்தையே தோளில் சுமந்து வந்து இறக்கி வைத்தவர் மாதிரி இருக்கும்.

கே.கே. நகரில் இந்த அடுக்கு மாடிக்கு நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள் லிஃப்டில் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"ஏன் வைத்தி சார், கனடாவுக்கு நாப்பது நிமிஷத்துல போகணும்னா பிளேன் என்ன வேகத்துல போகும்? பயமா இருக்காதா?"

"வேகமெல்லாம் பழைய வேகம்தான்க்கா. போய்ச் சேர பதினாறு மணி நேரம் ஆகும்."

"நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கானே?"

"அது உள்ள இருக்கறவங்களுக்கு. கதவைச் சாத்தினதும் கேபினுக்குள்ள நேரத்தை மெதுவாக்கிடுவாங்க. உள்ள ஒரு மணி நேரம் போறதுக்குள்ள வெளிய ஒரு நாள் போயிடும். ஏறி உக்காந்து ஒரு ஜூஸ் குடிச்சா ஊரு வந்துடும். கால் வீங்காது, இடுப்பு பிடிக்காது."

"அப்ப பிளேனை யாரு ஓட்டறது?"

"அது தானா ஓடும்."

"சரி, வீட்டுல காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு எவ்வளவு நேரம்?"

"அவங்களுக்குப் பதினாறு மணி நேரம்தான்."

"இது என்னங்க அநியாயம்?"

"அவங்க டிக்கெட் வாங்கலையேக்கா" என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார். நானும் மூன்றாவது மாடிதான். கோபத்தில் இறங்க மறந்து மொட்டைமாடி வரைக்கும் போய்த் திரும்பினேன்.

எப்போதோ ஒருதரம் போய்வருகிற பயணிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஒரு நாள் இளமை மிச்சம், அவ்வளவுதான். அதிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களின் கதை வேறு. மாதத்தில் பாதி நாள் வைத்தி அந்தக் கேபினுக்குள்தான் இருப்பார். முதல் பத்து வருஷம், "மனுஷன் உடம்பை நல்லா வச்சிருக்கார்" என்று பேசிக்கொண்டோம். அடுத்த பத்தில் எங்களுக்கெல்லாம் தலை வெளுத்தது, பல் ஆடியது, படியேறினால் மூச்சு வாங்கியது. அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார். அதற்கப்புறம் யாரும் பாராட்டவில்லை.

விமானத்தில் வேலை பார்ப்பவர்கள் வீடுகளில் இப்போது இரண்டு வயசு சொல்கிறார்கள். பிறந்த தேதிப்படி வருவது காகித வயசு. உடம்பு உண்மையில் வாழ்ந்தது மேனி வயசு. வைத்திக்குக் காகிதத்தில் இந்த வருஷம் அறுபது. மேனியில் நாற்பத்தாறு. பூங்கோதைக்கு இரண்டிலும் ஐம்பத்தெட்டு.

கடைவீதி ஜவுளிக்கடையில் ஒருநாள் நானும் அவர்களும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டோம். விற்பனைக்காரன் வைத்தியைப் பார்த்து, "அம்மாவுக்கு வயசுக்குத் தகுந்த மாதிரி காட்டட்டுங்களா சார்?" என்றான். தெரியாமல் சொன்னான், பாவம். இவர் திருத்தியிருக்க வேண்டாமா? சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கு எது புடிக்குதோ காட்டுப்பா" என்றார். பூங்கோதை தானே அடுக்கைக் கலைத்தாள். கடையிலேயே கண்ணைப் பறிக்கிற ராணிக் கலரில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். மறுநாள் குப்பை கொட்டக்கூட அதைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள்.

வைத்தியின் அம்மா நாலு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து செத்தாள். பீ மூத்திரம் அள்ளியது முழுக்க இவள். அவருக்கு அந்த நாலு வருஷம் இரண்டு வருஷம் சொச்சமாகத்தான் போனது. அந்த இரண்டிலும் பாதி வான்கூவர் ஓட்டல் அறையில். பிணத்தைக் கிடத்தியிருக்கிறோம், ஊரே அழுகிறது. இவர் உள்ளே வந்து, "இவ்வளவு சீக்கிரம் போயிட்டியேம்மா" என்று விழுந்து புரண்டார். பூங்கோதை சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டோம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு என்பதே குத்தல்தான். ஒரே மகள் மாதங்கி வான்கூவரிலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு தங்கிவிட்டாள். நடுவில் நின்று விலக்கிவிட ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். கூப்பிடவில்லை.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலேயே போனேன். கையில் ஒரு கிண்ணம் இட்லி மாவு. வைத்தியின் தங்கை சௌந்தரவல்லி லால்குடியிலிருந்து வந்து இறங்கியதைப் பால்கனியிலிருந்து பார்த்திருந்தேன். அவள் வந்தால் சண்டை நிச்சயம். அவளுக்கு ஐம்பத்தேழு வயசு, கட்டுப்பல்லு. அந்தப் பல்லோடு அவள் வைத்தியை "அண்ணே" என்று கூப்பிடும்போது தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமை. அண்ணன் இளமையாக இருப்பது ஏதோ குடும்பத்துக்கே பட்டம் கிடைத்த மாதிரி.

விஷயம் இதுதான். வைத்திக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணத் திருக்கடையூரில் நாள் குறித்துவிட்டாள் பூங்கோதை. அதே மாதத்தில் கம்பெனி ஒரு புது விதி போட்டிருந்தது. அறுபது முடிந்தால் ரிட்டயர்மென்ட். ஆனால் காகித வயசா, மேனி வயசா என்பதை ஊழியரே ஒருமுறை சொல்லிவிடலாம். சொன்னால் சொன்னதுதான். வைத்தி எந்த வயசைச் சொல்வார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஊரு சிரிக்கும் அண்ணி" என்று சௌந்தரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "நாப்பத்தாறு வயசுல எவனாவது அறுபதாம் கல்யாணம் பண்ணிக்குவானா? ஆயுசுக்கே ஆகாது."

"அவர் பொறந்த வருஷம் திரும்பி வந்தாச்சு சௌந்தரம். அறுபது வருஷத்துக்கு ஒருதடவைதான் அது வரும். வருஷத்துக்கு உங்கண்ணன் மேனியெல்லாம் தெரியாது" என்றாள் பூங்கோதை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி கையில் இருந்ததால் நான் கதவோரமே நின்றுகொண்டேன்.

வைத்தி சோபாவில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலேயே, "நான் மேனி வயசுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்ன, வேலைக்குப் போறது."

"உங்க மேனிக்கு அறுபது ஆகறப்ப எனக்கு என்ன வயசு இருக்கும்னு கணக்குப் போட்டீங்களா?"

அடுத்த ஷூவை எடுத்து மடியில் வைத்தார். பிரஷ் இன்னும் வேகமாக ஓடியது.

"எம்பத்து மூணு. இருந்தா."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நானா உன்னைக் கெழவியாகச் சொன்னேன்?"

நான் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தேன். இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் இந்த மாதிரி நேரத்தில் நன்றாகக் காது கேட்கும்.

சௌந்தரம் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எங்கண்ணனுக்கு இன்னைக்குப் பொண்ணு பாத்தாக்கூட வரிசைல வந்து நிப்பாங்க அண்ணி. ஏதோ அவரு நல்ல மனுஷன், பேசாம இருக்காரு."

"தாராளமா பாரு. ஜாதகத்துல பொறந்த தேதி என்னன்னு போடுவ? அதுக்கும் மேனித் தேதின்னு ஒண்ணு எழுதுவியா?"

"பூங்கோதை, போதும்" என்றார் வைத்தி.

"இருங்க, ஒரு சின்னக் கணக்கு. உங்களுக்கு நாப்பத்தாறு. நமக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். கழிச்சா பதினாலு வருது. பதினாலு வயசுப் பையனை ஏமாத்திக் கட்டிக்கிட்டேன்னு என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க. லோகாக்கா சாட்சிக்கு நிக்கறாங்க பாருங்க, வாசல்ல."

"நான் மாவு குடுக்க வந்தேன்" என்றேன்.

"எனக்குக் கல்யாணமாகி பதினெட்டு வருஷம்தான் ஆகுது" என்றார் வைத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் வாழ்ந்த வரைக்கும் அவ்வளவுதான். என் கணக்கு அது."

அங்கேதான் மாட்டினார். பூங்கோதை கத்தியைப் பலகைமேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நேரே பால்கனிக்குப் போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"உங்களுக்குப் பதினெட்டு வருஷம். எனக்கு முப்பத்திரண்டு. அப்ப நடுவுல ஒரு பதினாலு வருஷம் நீங்க எனக்குப் புருஷனா இல்ல. ஆனா நான் குடும்பம் நடத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். யாரோட நடத்தினேன்?" குரலை உயர்த்தினாள். "சொல்லுங்க வைத்தியலிங்கம் சார், யாரோட நடத்தினேன்? சத்தமா சொல்லுங்க, கீழ வாட்ச்மேனுக்கும் கேக்கட்டும்!"

எதிர் பிளாக்கில் நாலு பால்கனிக் கதவு திறந்தது. வாட்ச்மேன் ரேடியோவை அணைத்தான். தண்ணீர் லாரிக்காரன்கூடக் குழாயைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தான்.

"உள்ள வாடி" என்றார் வைத்தி.

"பதில் வந்ததும் வரேன்."

"உக்காந்து தொலைக்கறேன். மணையில உக்காந்து தொலைக்கறேன். அறுபதுன்னே சொல்லித் தொலைக்கறேன். உள்ள வா."

பூங்கோதை உள்ளே வந்தாள், கதவைச் சாத்தினாள், மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து, "மாவு புளிச்சிருக்கா, இன்னைக்கு அரைச்சதா?" என்று கேட்டாள்.

திருக்கடையூருக்கு வேன் வைத்துப் போனோம். வேனில் முன் வரிசையில் சௌந்தரம், கடைசி வரிசையில் பூங்கோதை. நடுவில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு இரண்டு பக்கமும் அனல். வைத்தி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மாயவரம் தாண்டுவதற்குள் டிரைவருக்கே வெறுத்துவிட்டது. "சார், நீங்க இறங்கி ஓடி வந்தா சீக்கிரம் போயிடலாம்" என்றான்.

அங்கே ஏழெட்டு ஜோடி வரிசையாக மணையில் இருந்தார்கள். தலை நரைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மாலை கனத்தில் குனிந்துபோய். நடுவில் வைத்தி பட்டு வேட்டியில் ராஜா மாதிரி நின்றார். குருக்கள் அவர் முதுகில் தட்டி, "தம்பி, நாழியாறது, அப்பாவை அழைச்சுண்டு வாங்கோ. அம்மா மட்டும் ஒக்காந்திருக்காளே" என்றார்.

"இவர்தான் சாமி மாப்பிள்ளை" என்றாள் பூங்கோதை, உட்கார்ந்தபடியே.

குருக்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓ, விமானமா? போன வாரமும் ஒண்ணு வந்துது. மாப்பிள்ளை குதிச்சு ஒக்காந்துட்டார். பொண்ணு ஒக்கார ரெண்டு பேர் புடிக்க வேண்டியிருந்தது" என்றார். பக்கத்து மணைக் கிழவர் சிரித்து, இருமல் வந்து, தண்ணீர் கேட்டார்.

கலச நீரை ஊற்றினார்கள். மாலை மாற்றும்போது பூங்கோதை மாலையைப் போடவில்லை, எறிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். தாலியில் இரண்டு முடிச்சை வைத்தி போட்டார். மூன்றாவது நாத்தனார் முடிச்சு. சௌந்தரம் வந்து அதை இழுத்த இழுப்பில் பூங்கோதையின் கழுத்து பின்னால் போனது.

"மெதுவா கட்டு சௌந்தரம். ஓடிப் போறது நானில்ல."

கடைசியில் சின்னவர்கள் எல்லோரும் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க வேண்டும். யார் சின்னவர் என்பதில் குழப்பம் வந்தது. சௌந்தரத்தின் புருஷன் காகிதத்தில் வைத்தியைவிட ஒரு வயசு இளையவர். மூட்டுவலிக்காரர். முக்கி முனகி அவர் விழுந்து எழுந்ததும் வைத்தி அவர் தலையில் கை வைத்து, "தீர்க்காயுசா இருங்க மாப்பிள்ளை" என்றார். வேண்டுமென்றே சொன்னார். அந்த மூட்டுவலிக்காரர் அப்புறம் சாப்பிடாமலேயே வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எப்படியோ, மனுஷனுக்கு ஊரறிய அறுபது ஆகிவிட்டது. கம்பெனியிலும் சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒருதரம் ரிட்டயர் ஆனவர் மறுபடி அந்தக் கேபினில் ஏறக் கூடாது என்பது அவர்கள் சட்டம். உடம்புக்கு ஆகாதாம்.

வீட்டில் இருந்த முதல் வாரமே வைத்தி விருந்தாளி மாதிரித்தான் இருந்தார், போகாத விருந்தாளி. டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்பார். குக்கர் நாலு விசில் வருவதற்குள் இரண்டுதரம் அடுப்பங்கரைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். "மணி பத்துதான் ஆகுதா?" என்று அவர் கேட்பது எனக்கு என் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கும். குழம்பில் உப்பு அதிகம், தலையணை உயரம், வேலைக்காரி பாத்திரத்தை உருட்டுகிறாள் என்று குறைகள். பூங்கோதை ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அந்த வாய் பதில் சொல்லவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஆனால் என்ன என்றுதான் பிடிபடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லிஃப்டுக்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சின்னப் பை. அந்த ராணிக் கலர் புடவை.

"எங்க, ஊருக்கா?"

"வான்கூவருக்கு."

"மாதங்கிக்கு ஏதாவது விசேஷமா?" என்று கண்ணைச் சுருக்கினேன்.

"அதெல்லாம் இல்ல லோகாக்கா. ரிட்டயர் ஆனவரோட சம்சாரம் ஆயுசு பூரா அந்தப் பிளேன்ல காசில்லாம எத்தனை தடவை வேணாலும் போகலாம். அவரு வேலைல இருக்கற வரைக்கும் அது கெடையாது. ரிட்டயர் ஆனாத்தான்."

"அதுக்குத்தான் அவ்வளவு பாடுபட்டு அறுபதாம் கல்யாணமா?" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"அதுக்கும்தான்."

"நீ பொல்லாதவடி. சரி, எப்ப வருவ?"

"நாளைக்கே இங்க இறங்கிடுவேன். நாலு மணி நேரம் ஏர்போர்ட்டுலயே இருப்பேன். அப்புறம் அடுத்த பிளேன்ல மறுபடி வான்கூவர். அங்க மாதங்கி வந்து பாப்பா. மறுபடி திருச்சி."

"அப்புறம்?"

"மறுபடி வான்கூவர்."

லிஃப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்தது. நான் இறங்கவில்லை, அவளையும் இறங்க விடவில்லை.

"எவ்வளவு நாளைக்கு இந்தக் கூத்து?"

"பதினஞ்சு வருஷம். பறக்கற நேரம், ஏர்போர்ட்டுல உக்காந்திருக்கற நேரம் எல்லாம் சேத்து எனக்கு மூணு வருஷம் சொச்சம்தான் போகும். அவருக்கு வீட்டுல பதினஞ்சும் முழுசாப் போகும்." அவள் கணக்கை எத்தனை தடவை போட்டிருக்கிறாள் என்று அந்த நிதானத்திலேயே தெரிந்தது. "அப்ப அவருக்கும் அறுபத்தொண்ணு, எனக்கும் அறுபத்தொண்ணு. அதுக்கப்புறம் ஒரே வீட்டுல இருந்து சண்டை போட்டா அதுல ஒரு நியாயம் இருக்கும்."

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?"

"முப்பத்திரண்டு வருஷமா புடிச்சிருந்துது. இப்பத்தான் தெளிஞ்சிருக்கு."

"அவர்ட்ட சொல்லிட்டியா?"

"மகளைப் பாக்கப் போறேன்னு மட்டும் சொல்லியிருக்கேன். மத்ததை நீங்க சொல்லிடுங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் வேற யாருக்கும் தனியா சொல்ல வேண்டியதில்லையே."

போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு, செத்தாலும் யாரிடமும் இதைச் சொல்வதில்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டேன். கீரை வாங்கப் போன இடத்தில் வாட்ச்மேனிடம் மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது காலிங்பெல் அடித்தது. வைத்தி.

"பூங்கோதை ஏதாவது போன் பண்ணினாளாக்கா? ஏறி ஒரு மணி நேரம் ஆகப் போகுது. இறங்கியிருக்கணுமே."

"அவ இன்னும் அரபிக்கடலே தாண்டியிருக்க மாட்டா" என்றேன். எந்தப் பக்கமாகப் போகும் என்று எனக்கென்ன தெரியும், வாயில் வந்த கடலைச் சொன்னேன்.

"ஆமால்ல" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி பெல். "இன்னும் போன் வரலக்கா."

"பதினாறு மணி நேரம் ஆகும் வைத்தி சார்."

"தெரியும்க்கா. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன்." சுவரில் கையை ஊன்றி நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "அது இவ்வளவு நேரமா?"

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் லிஃப்டில் எனக்குப் பதில் சொன்ன முகம்தான் அது. பெரிதாக ஒன்றும் வயசாகவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாலு மணி நேரம் ஏர்போர்ட்டில் இருப்பதை, மறுபடி ஏறுவதை, பதினைந்து வருஷத்தை, அறுபத்தொன்றை. ஒன்றையும் விடவில்லை. கொஞ்சம் நிறுத்தி நிறுத்தியே சொன்னேன்.

"யாரைக் கேட்டுப் போனா?" என்று கத்தினார்.

"நீங்க யாரைக் கேட்டுப் போனீங்க?"

"அது வேலை!"

"இதுவும் வேலைதான். உங்களைவிட ஒழுங்கா ஒரு நாள் லீவு போடாம பாக்கப் போறா."

"நானும் போய் அவளை..."

"உங்களை ஏத்த மாட்டாங்களாமே? உங்க சட்டம்தான்."

விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பறக்கிற நேரத்தை உள்ளே ஒன்றாகவும் வெளியே ஒன்றாகவும் கணக்குப் போடத் தெரிந்த மனுஷன். விடை சரியாகத்தான் வந்திருக்க வேண்டும். மெதுவாக எங்கள் வாசல் செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அது அவ்வளவு கனம் தாங்காது. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை.

"அவ்வளவு வருஷம் நான் என்னக்கா பண்றது?"

"நாளைக்கு அவ இறங்கறப்ப சாப்பாடு கட்டிக்கிட்டுப் போங்க. வத்தக்குழம்புன்னா விரும்பிச் சாப்பிடுவா."

"எனக்கு வைக்கத் தெரியாதே."

"ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டுபோனா தானா வந்துடும்."

"அவ சாப்பிடுவாளா?"

"முதல் ஒரு வருஷம் தூக்கி எறிவா. அப்புறம் பாக்கலாம்."

மாடிப்படியில் யாரோ ஏறி வந்தார்கள். வாட்ச்மேன்தான், தண்ணீர் கேனோடு. வைத்தியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விஷயம் தெரிந்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு மேலே போனான். வைத்தி அவன் போகும்வரை சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். அப்புறம் தாழ்ந்த குரலில், "மத்த நேரம்?" என்றார்.

"மத்த நேரம் வயசாகுங்க வைத்தி சார்" என்றேன். "இங்க எங்களுக்கெல்லாம் அதுதான் வேலை."